வெற்று நீர் சிவந்த படலம்

வாழ்க வெண்மேலங்கி வேந்தன்! வாழ்க சொட்டுக்குச் சொட்டு நீதி வழங்கும் செங்கோலன்! கண்ணுக்குப் புலப்படாததைக் கண்டறிவோன், மூக்குக்கும் நாவுக்கும் எட்டாததை நிறத்தால் உரைப்போன், நகரத்துக் குழாய்களிலெல்லாம் ஓசையின்றி ஒளிந்தோடி வரும் நைட்ரைட் என்னும் நுண்பகையைத் தண்ணீருக்குள் புகுந்து தேடி, மயிரைப் பிடித்திழுத்து, இளஞ்சிவப்புச் சாயம் பூசி நாற்சந்தியில் நிறுத்தும் தோள்வலியோன், குடிநீர்ச் சோதனைக்கூடத்தின் ஜன்னலோர மேசைக்கு ஏகச் சக்கரவர்த்தி, வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் ஒருசேரத் ‘துல்லியம்’ என்று அழைக்கும் எம் பாட்டுடைத் தலைவன் வாழ்க, வாழ்கவே! வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம்.

வெளுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே, இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல முடியாதபடி நிற்கும் இளஞ்சிவப்புத் தேவியே, இப்பாட்டுக்குத் துணையாக வருக! மற்றப் புலவர்கள் எல்லாரும் ‘என் நாவில் வந்து குடியேறு’ என்று கேட்பார்கள். யாம் கேட்க மாட்டோம். தாயே, தள்ளி நின்றே அருள் செய். இந்தக் கதையில் நாவில் குடியேறுவது ஆகாத காரியம், ஏன் என்பது போகப் போகத் தெரியும். யானை மிதித்ததையும் கோட்டை இடிந்ததையும் பாடிப் பாடித் தொண்டை வறண்டவர்கள் உலகில் எத்தனையோ பேர். ஒரு சோதனைக்குழாயில் கிடந்த தண்ணீர் ஏன் லேசாகச் சிவந்தது என்று பாட மட்டும் ஒருவரையும் காணோம். அதனால்தான் யாம் வரவேண்டியதாயிற்று.

போர்முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் நடுவில் எழுந்து நின்று கேட்பீர்கள். ஊரின் ஏதோ ஒரு குழாயடியிலிருந்து புட்டியில் அடைபட்டு வரும் நீரானது, முதலில் வட்டமான வெண்ணிற வடிதாள் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி, தூசும் துரும்பும் நீங்கப் பெறும். பின்னர் அதனுள் முதல் திரவம் புகுந்து, நைட்ரைட் எந்த மூலையில் பதுங்கியிருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துக்கொள்ளும். அதன் பின்னர் இரண்டாம் திரவம் புகுந்து, பிடிபட்டதோடு கைகோக்கும். கோத்த சற்று நேரத்தில், அந்தியில் அடிவானம் நாணுவது போல, குழாய்க்குள் இளஞ்சிவப்பு மலரும். நைட்ரைட் கூடினால் சிவப்பும் கூடும், குறைந்தால் குறையும், இல்லையென்றால் நீர் நீராகவே நிற்கும். ஒரு லாரித் தண்ணீரில் ஒரு சிட்டிகை கலந்திருந்தால் போதும், காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாப் போருக்கும் ஓர் அறம் உண்டல்லவா? இந்தப் போரின் அறத்துக்கு வெற்று நீர் என்று பெயர். காய்ச்சி வடித்த, மாசு மறுவற்ற, ஒன்றுமே இல்லாத நீரை எடுத்து, அதையும் மற்ற நீரைப் போலவே வடிதாளில் வடித்து, அதே இரு திரவங்களை அதே அளவில் ஊற்றி, காத்திருந்து பார்க்க வேண்டும். அது சிவக்கக் கூடாது. சிவந்துவிட்டால் பகைவன் ஊர்த் தண்ணீரில் இல்லை, நம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று பொருள். அப்புறம் எந்தக் குழாயின் கணக்கையும் எவனும் நம்ப மாட்டான்.

இத்தகைய அறப்போரில் நம் தலைவன் காத்த ஒழுக்கத்தை என்னவென்று சொல்வோம்! அவன் மேசையருகே அத்தர் பூசி வரக் கூடாது. செருப்போடு வரக் கூடாது. சோதனைக்குழாய்களின் திசை பார்த்துப் பேசக் கூடாது. தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடிப்போய்த் தும்ம வேண்டும், தும்மியவன் உடனே திரும்பி வரக் கூடாது. கையுறையில் மாவு இருக்கும், மாவே ஓர் அழுக்கு என்று அதையும் ஒதுக்கியவன் அவன். சோப்பினால் முழங்கைவரை கழுவிய வெறுங்கையே வீரனுக்கு அழகு என்பது அவன் கொள்கை. அக்கையின் ஆற்றலில் தலைசிறந்தது ஒன்றுண்டு: ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கூட்டுக்குடும்பம்போலப் பிரிய மறுக்கும் வடிதாள் அடுக்கின்மேல், வலக்கைச் சுட்டுவிரலை நாநுனியில் ஒருமுறை ஒற்றி, ஒரே தீண்டலில், இரண்டு வராமல், கிழியாமல், மடங்காமல், ஒற்றைத் தாளை உருவி எடுப்பான். பள்ளிக்கூடத்தில் நோட்டுப் புரட்டிய நாளில் விரலில் ஏறிய வித்தை அது. கண் இமைப்பதை யாராவது கவனிப்பார்களா? அவனும் அதைக் கவனித்ததில்லை.

இனி எதிர்த்தரப்பைச் சொல்ல வேண்டும். அதே கூடத்தில், சுவரோர மேசையில், ஈயமும் இரும்பும் அளந்துகொண்டு, கண்ணாடிக் கலங்களை நைட்ரிக் அமிலத்தில் கழுவிக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஒருவன் இருந்தான். அவன் தலைவனின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. வீட்டிலும் மாப்பிள்ளை, வேலையிடத்திலும் மாப்பிள்ளை. காலையில் பார்த்த முகத்தையே மாலைவரை பார்த்தாக வேண்டிய கொடுமை இருவருக்கும் பொது. இம்மாப்பிள்ளை வடிதாளை விரலால் தொடமாட்டான். பளபளக்கும் எஃகு இடுக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல அவ்வளவு மெதுவாக எடுப்பான். அதைக் காணும்போதெல்லாம் துல்லியம் உரத்த குரலில் முழங்குவான்: “பாத்து எடு மாப்ளே, தாளுக்கு வலிக்கப் போவுது!” மாப்பிள்ளையும் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

இவ்வாறிருக்கையில், ஒரு திங்கட்கிழமை, சோதனைக்கூடங்களையே சோதிக்கும் மேலிடத்திலிருந்து முத்திரையிட்ட புட்டி ஒன்று வந்திறங்கியது. அதற்குள் எவ்வளவு நைட்ரைட் என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியும்; பெற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சென்ற முறை வெற்று நீரே சிவந்து, சொன்ன விடை கூடுதலாகிப் போய்ச் சபையில் தலைகுனிவு நேர்ந்திருந்தது. எனவே, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே முக்கால்வாசிப் பேரை உட்காரவைத்துவிடும் ஆற்றல் கொண்ட தலைமை மேடம், புட்டியை ஜன்னலோர மேசையில் வைத்துப் பிரகடனம் செய்தாள்: “இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போகணும். இந்தத் தடவையும் வெற்று நீர் செவந்துதுன்னா, நைட்ரைட் மேசையை உங்க மாப்பிள்ளைகிட்டக் குடுத்துடுவேன், சொல்லிட்டேன்.” சொல்லிவிட்டு அவள் காபி குடிக்கப் போனாள்.

கேட்டீர்களா அவையோரே? ஒரு மன்னனின் நாட்டைப் பறித்து மனைவியின் தம்பிக்குக் கொடுப்பது! எதிரியிடம் தோற்றால் காட்டுக்கு ஓடிப்போகலாம், குகையில் ஒளியலாம். மாப்பிள்ளையிடம் தோற்றவன் எங்கே போவான்? சாயங்காலம் அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேசையில், ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க அத்தான்’ என்று அவன் பரிமாற, இவன் வாங்கித் தின்றாக வேண்டும்.

போர் தொடங்கியது. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின், கைகால் கழுவி, ஜன்னலைச் சார்த்தி, மின்விசிறியை அடக்கி, அவன் முதல் வெற்று நீரை வடித்து, இரு திரவங்களையும் இறக்கி, குழாயை வெள்ளைத் தாளின்மேல் நிறுத்தி, மேலிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்கினான். அந்தோ! பச்சைக் குழந்தையின் உள்ளங்கால்போல, பார்த்தால் தெரிந்து பார்க்காவிட்டால் மறையும் ஒரு சிவப்பு அதனடியில் கிடந்து அவனைப் பார்த்துச் சிரித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான், இருந்தது. நிறத்தை அளக்கும் கருவியில் வைத்தான். அதுவும் ஆமாம் என்றது. கருவிக்கு என்ன, உறவா முறையா, பார்த்ததைச் சொல்லிவிட்டது.

அதன்பின் நடந்த படையெடுப்புகளை ஒவ்வொன்றாகப் பாடினால் விடிந்துவிடும். பழைய வடிநீரில் குற்றம் என்று கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சி வடித்தான், சிவந்தது. கண்ணாடியில் குற்றம் என்று அத்தனை குழாய்களையும் ஒரு தாய் தன் பிள்ளைகளைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கவிழ்த்து வைத்தான், சிவந்தது. திரவங்களைக் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைத்தான்; அப்போதும் சிவந்தது. தெருவில் போகும் வண்டிகளின் புகையைச் சந்தேகித்து ஜன்னல் விளிம்பெல்லாம் டேப் ஒட்டினான்; புழுக்கத்தில் சட்டை நனைந்ததே தவிரச் சிவப்பு அசையவில்லை. இதில் விந்தை என்னவென்றால், காலையில் அச்சிவப்பு நாணிக் கோணி ஓரமாய் நின்றது. மதியச் சாப்பாட்டுக்குப் பின்னரோ, சம்பந்தி வீட்டார்போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நேர வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்த நம் தலைவன், யோசித்துத் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்ஙனம் போகும் முன், வழியில் ஒரு பீட்ரூட் குறுக்கிட்டது. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சில மாதங்களுக்கு முன் மருத்துவர் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து அவன் மனைவி நாள் தவறாமல் பீட்ரூட் வைத்தே டப்பா கட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவன் உதடெல்லாம் சிவக்க அதைத் தின்றுகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, “அத்தான், உங்க வெற்று நீருக்குள்ள போறது இந்த பீட்ரூட்டா இருக்குமோ?” என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டான். துல்லியத்துக்கு வந்ததே கோபம்! அவன் உடனே எழுந்து, பீட்ரூட் சாற்றில் ஒரு துளியை எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து, அது காட்டும் நிறம் வேறு, நைட்ரைட் காட்டும் நிறம் வேறு என்று கருவியில் வைத்தே மெய்ப்பித்து, பின்னர் இரு கைகளையும் நகக்கண் விடாமல் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் விரித்துக் காட்டி, “பாரு, ஒரு பொட்டு இருக்குதா?” என்று அறைகூவினான். ஒரு பொட்டும் இல்லை. அவ்வண்ணம் வென்று முடித்த வெறுங்கையோடு மேசைக்குத் திரும்பி, சுட்டுவிரலை நாநுனியில் ஒற்றி, அடுத்த வடிதாளை உருவினான்.

அவையோரே, உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று எமக்குத் தெரியும். கத்தாதீர்கள். எவ்வளவு கத்தினாலும் அவன் காதில் விழாது.

புதன்கிழமை அவன் கண்கள் சுவரோர மேசையின்மேல் போய் நின்றன. நைட்ரிக் அமிலம்! அதன் புகை காற்றில் ஏறி, நீரில் இறங்கினால் நைட்ரைட்டாகத்தானே வந்து நிற்கும்? அமிலப் புட்டி திறக்கப்படுவது எப்போது? மதியத்துக்கு மேலே! வெற்று நீர் வெகுவாகச் சிவப்பது எப்போது? அதே மதியத்துக்கு மேலே! அடுத்துக் கேளுங்கள்: அதே கூடத்தில், அதே காற்றில், முந்தின நாள் மாப்பிள்ளை விளையாட்டாக வடித்துப் பார்த்த வெற்று நீர் மட்டும் பளிங்காக நின்றது எப்படி? சூது செய்தவன் தன் நீரை மட்டும் காத்துக்கொள்ள மாட்டானா? இப்படியொரு சாட்சியமும் வாதமும் தீர்ப்பும் அவன் நெஞ்சுக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டன. அமிலம் இருப்பது புகை வெளியேறும் கூண்டுக்குள்தான் என்பதையும், மாப்பிள்ளை மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஒருநாளும் நகர்ந்தவனில்லை என்பதையும் அந்த நீதிமன்றத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அவன் நேரே மேடத்தின் அறைக்குப் போய், நடுங்காத குரலில் குற்றம் சாட்டினான். மாப்பிள்ளையை அழைத்துக் கேட்டார்கள். அவன் முதலில் சிரித்தான்; அத்தான் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். “நான் ஒழுங்காத்தான் மூடி வைக்கிறேன் மேடம்,” என்றான். மேடம் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புரைத்தாள்: “சரி, இன்னைக்கே ஆசிட்டை வெளிய எடுத்துடு. நாளைக்கு மத்தியானம் என் கண்ணு முன்னாடி ஒரு வெற்று நீர் பாக்கணும். தெளிவா வந்துதுன்னா தப்பு ஆசிட் மேல. நீ இனிமே பின்பக்க ஷெட்டுல போய்த்தான் கழுவணும். செவந்துதுன்னா மேசை கை மாறும்.” இரண்டில் ஒன்று என்றாகிவிட்டது.

அன்று மாலை அந்தக் கூடம் கண்ட காட்சி இருக்கிறதே! அமிலப் புட்டிகளை வாளியில் வைத்து, இரு கையாலும் தாங்கி, நீண்ட தாழ்வாரத்தில், இருபுறமும் கதவுகளில் நின்று வேடிக்கை பார்க்கும் சக ஊழியர்களின் நடுவே, நாடு கடத்தப்படுபவனைப்போல மாப்பிள்ளை நடந்தான். முணுமுணுக்கும் பாட்டு இல்லை. ஜன்னலோரத்தில் நின்ற துல்லியம், வென்றவன் நிற்க வேண்டிய மாதிரி மார்பில் கைகட்டி நின்றான்; ஆனால் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்க அவனால் முடியவில்லை. திரும்பிக்கொண்டான்.

செய்தி அவனுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மாப்பிள்ளை சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டிருந்தான். மனைவி தட்டை வைத்த ஓசையிலேயே எல்லாம் இருந்தது. சினம் எவ்வளவு இருந்தாலும் மருத்துவர் சொன்னதை மறக்காதவளாகையால், பீட்ரூட் மட்டும் வழக்கம்போலத் தட்டுக்கு வந்தது. அவனும் தின்று, கை கழுவி, பேச்சுத் துணைக்கு ஆளில்லாத குறைக்கு, அவள் நூலகத்திலிருந்து எடுத்துவந்து பாதிவரை படித்து வைத்திருந்த நாவலை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, கதை புரிகிறதோ இல்லையோ, பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். பாத்திரங்களை அடுக்கிவிட்டு வந்தவள் அதைப் பிடுங்கி விரித்தாள்.

அப்போது எழுந்த முழக்கத்துக்கு ஈடான முழக்கம் எந்தப் போர்க்களத்திலும் கேட்டதில்லை: “அய்யய்ய, என்னங்க இது கண்றாவி! பக்கத்துக்குப் பக்கம் மூலையில செவப்பு! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன், எச்சில் தொட்டுப் புரட்டாதீங்க, புரட்டாதீங்கன்னு. லைப்ரரியில கேட்டா நான் என்ன சொல்றது? சுத்தத்தைப் பத்தி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆளு! என் தம்பியை வாளியத் தூக்கிட்டு அலையவிட்ட ஆளு!”

“நானா? நான் எங்க எச்சில் தொட்டேன்?” என்று கொதித்தெழுந்தான் துல்லியம். “குடு இப்படி, எந்தப் பக்கம்னு காட்டு!” என்று நாவலைத் திரும்ப வாங்கி, அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதற்காக வலக்கையைத் தூக்கினான். தூக்கிய கை பக்கத்துக்குப் போகவில்லை. அது தன்பாட்டில் மேலெழுந்து, மோவாயைக் கடந்து, திறந்து காத்திருந்த வாயின் வாசலில் போய் நின்றது. அவளும் அதைப் பார்த்தாள். அவனும் அதைப் பார்த்தான். விரல் அந்தரத்தில் நின்றது.

அந்த ஒரு நொடியில் அவன் நெஞ்சுக்குள் இடிந்து விழுந்த மதில்கள் எத்தனை! பீட்ரூட்டில் நைட்ரைட்டின் அண்ணனாகிய நைட்ரேட் மிகுதி என்பதும், தின்ற சற்று நேரத்தில் அது எச்சிலில் ஊறி வரும் என்பதும், வாய்க்குள் வாடகையின்றிக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை அழகாக நைட்ரைட் ஆக்கிக் கொடுக்கும் என்பதும் அவன் படித்துத் தேறிய பாடங்களே. ரத்த அழுத்தம் இறங்குவதும் அதனால்தான். ஊர்த் தண்ணீரெல்லாம் சலித்துத் தேடிய பகைவன் தன் பல்லுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்தான் என்பதை மட்டும் அவன் படித்திருக்கவில்லை. புத்தகத்தை மெல்ல மூடி அவளிடமே கொடுத்துவிட்டான். “என்னங்க, முகம் ஏன் இப்படிப் போவுது? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” என்று அவள் கோபத்தை மறந்து கேட்டாள். போட்டுக்கொண்டான்.

மறுநாட்காலை, யாரும் வருமுன் கூடத்துக்குப் போனான். காய்ச்சி வடித்த நீரில், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு துளி துப்பினான். பல்லாண்டுகளாக எவரையும் தும்மக்கூட விடாத மேசையில், அதன் சக்கரவர்த்தியே துப்பினான்! முதல் திரவத்தை ஊற்றினான், காத்திருந்தான், இரண்டாம் திரவத்தை ஊற்றினான். சிவப்பா அது? ஒப்பிட்டுப் பார்க்க வரிசையாக நிறுத்தியிருந்த குழாய்களில் கடைசியாக நின்ற அடர்சிவப்பும் வெட்கி ஒதுங்கும்படி, குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல அந்தக் குழாய் கொழுந்துவிட்டு நின்றது. மேலும் சோதிக்க ஒன்றுமில்லை. கழுவி ஊற்றினான்.

உண்மை தெரிந்த மாத்திரத்தில் போர் முடிந்திருக்கலாம். ஆனால் உண்மையின் கூடவே ஒரு சைத்தானும் வந்து தோளில் உட்கார்ந்துகொண்டான். சைத்தான் சொன்னான்: ‘விரலை நாக்கில் வைக்காதே, வேறொன்றும் செய்ய வேண்டாம். வெற்று நீர் தெளிந்துவிடும். அமிலம் வெளியே போனதால்தான் தெளிந்தது என்று எல்லாரும் நம்புவார்கள். மேசையும் உன்னுடையது, பேரும் உன்னுடையது. எச்சில் விஷயம் உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் தவிர யாருக்குத் தெரியும்? அவளுக்கும் பாதிதான் தெரியும்.’ நியாயமாகத்தான் பட்டது. நம் தலைவன் மதியம்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த நியாயத்தையே மென்றுகொண்டிருந்தான்.

மதியம் வந்தது. மேடம் வந்து நாற்காலி போட்டு அமர்ந்தாள். சற்றுத் தள்ளி மாப்பிள்ளை நின்றான். துல்லியம் முழங்கைவரை கழுவி, துடைத்து, வடிதாள் அடுக்கின்முன் நின்றான். அப்போதல்லவா தொடங்கியது, இதுவரை யாம் பாடிய போரெல்லாம் முன்னுரை என்னும்படியான அந்தப் பெரும்போர்! ஒரு பக்கம் துல்லியம். மறுபக்கம் அவன் சுட்டுவிரல். பள்ளிப் பருவத்திலிருந்து பழகிய பாதையில் விரல் வாயை நோக்கிப் பாய்ந்தது. அவன் பாதிவழியில் மடக்கி மூக்கைச் சொறிவதுபோல நடித்தான். மூக்கைத் தொட்ட கை ஆகாது என்று மறுபடி கழுவிக்கொண்டு வந்தான். உலர்ந்த விரலால் அடுக்கைத் தொட்டான், தாள் நகரவில்லை. அழுத்தினான், நாலு தாள் சேர்ந்து வந்தது. உதறினான், ஒன்று கிழிந்தது, மற்றவை தரையில் விழுந்தன. விரல் மறுபடி எழுந்தது. இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பற்றி, மதயானையைக் கட்டுத்தறிக்கு இழுக்கும் பாகனைப்போல, மேசைக்கு இழுத்து வந்தான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கட்டியது. “என்ன சார், உடம்பு சரியில்லையா?” என்றாள் மேடம். கடைசியில் நகத்தால் கிள்ளிக் கிளப்பி, ஒரே ஒரு தாளை, ஓரம் நசுங்கியிருந்தாலும் உலர்ந்த தாளாக, வெளியே எடுத்துவிட்டான்.

நீர் வடிந்தது. முதல் திரவம் இறங்கியது. இரண்டாம் திரவம் இறங்கியது. மூவரும் மூச்சை அடக்கிக் குழாயை நோக்கினார்கள். சுவர்க்கடிகாரம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தாளின்மேல் நின்ற அந்த நீர், ஏதும் அறியாத நீராக, யாரையும் குறை சொல்லாத நீராக, அப்படியே நின்றது. கருவியில் வைத்தார்கள், ஒன்றுமில்லை என்றது கருவி.

மேடம் எழுந்து தீர்ப்புரைத்தாள்: “அப்போ ஆசிட்தான். விஷயம் முடிஞ்சுது. மேசை உங்ககிட்டயே இருக்கட்டும். மாப்பிள்ளை, நீ ஷெட்டுக்கு மாத்திக்கோ, இனிமே ஜாக்கிரதையா இரு.” மாப்பிள்ளை தலையாட்டினான். பிறகு, தாழ்வாரக் கோடியில் முந்தின நாள் வைத்திருந்த அமில வாளியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் புறப்பட்டவன், ஜன்னலோர மேசைப் பக்கம் திரும்பி, உள்ளபடியே மகிழ்ந்த முகத்தோடு, “அத்தான், மேசை தப்பிச்சுது. அக்கா ராத்திரியெல்லாம் தூங்கலையாம், போன் பண்ணிச் சொல்லிடுறேன்,” என்றான். அவனுக்கு வாழ்க்கையில் சூது என்பதே வரவில்லை.

அவையோரே, இனித்தான் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம். அத்தகைய சொல்லைக் கேட்டபின் எம் தலைவன் உரைக்கப்போகும் பேருரையை எண்ணிப் பாருங்கள்! வென்ற நாட்டை வென்ற கையாலேயே திருப்பிக் கொடுக்கும் அந்தத் தியாகத்தை, தன் குற்றத்தைத் தானே சபை நடுவில் நிறுத்தி, சாட்சியும் தானாய், நீதிபதியும் தானாய், தண்டனை ஏற்கும் தலையும் தானாய் அவன் நிற்கப்போகும் கோலத்தை, தேவர்கள் மலர்மாரி பொழிய வேண்டிய அந்த முகூர்த்தத்தைப் பாடுவதற்கென்றே யாம் இவ்வளவு நேரம் தொண்டையைச் சேமித்துவைத்திருக்கிறோம். இதோ, அவன் மேலங்கியை இழுத்துச் சரிசெய்கிறான். இதோ, மேடம் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். இதோ, வாளியோடு மாப்பிள்ளை நிற்கிறான். இதோ, எட்டுத் திசையும் செவிசாய்க்க, ஈரமற்ற சுட்டுவிரலை உயர்த்தி, துல்லியம் வாய் திறக்கிறான்!

“மாப்ளே, அந்த வாளியை உள்ளயே வை, ஆசிட் ஒண்ணும் பண்ணலை, நான்தான் இத்தனை நாளா எச்சில் தொட்டுத் தாள் எடுத்துக்கிட்டு இருந்திருக்கேன், உன் இடுக்கியைக் கொஞ்சம் குடு.”